போருக்குப் போகாத நாட்டின் பீச்சாங்குழல்கள்

சுவீடன் நாடு தன் பெயரில் இறுதியாகப் போர் தொடுத்தது 1814ஆம் ஆண்டில். அயல்நாடாகிய நோர்வேயின் மீது தொடுத்த அப்போரும் சில வாரங்களிலேயே முடிவுற்றது. பின்னர் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய உலகப் போர்கள் இரண்டும் சுவீடனின் எல்லையைச் சுற்றிச் சென்றனவேயன்றி உள்ளே புகவில்லை. இத்தகைய நாட்டின் ஆயுதக் களஞ்சியம் வெறுமையாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணினால் பெரிதும் ஏமாந்து போவோம். எவர் பக்கமும் சேராதவனுக்கு ஆபத்துக் காலத்தில் ஆயுதம் கொடுப்பார் எவருமிலர். ஆகவே, தனக்கு வேண்டியதைத் தானே செய்து, எண்ணெயிட்டு, அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதே அந்நாட்டின் வழக்கமாயிற்று. அக்களஞ்சியத்தின் ஒரு தட்டை மட்டும் இங்கு நாம் நோக்குவோம். மிதவகை இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த தட்டு அது.

சுவீடிஷ் மொழியில் இயந்திரத் துப்பாக்கிக்குக் ‘கூல்ஸ்புரூத்தா’ என்று பெயர். ‘கூலா’ என்பது சன்னம். ‘ஸ்புரூத்தா’ என்பது பீச்சுங் கருவி. தீயணைப்போர் நீர் பீச்சும் பொறிக்கும், வைத்தியர் மருந்தேற்றும் ஊசிக்கும் அம்மக்கள் அதே சொல்லையே ஆளுகின்றனர். நம் சிறுவர் மூங்கிற் குழலிலே நீர் நிரப்பி விளையாடும் பீச்சாங்குழல்தான் அது. நீருக்குப் பதிலாக ஈயம் என்பது ஒன்றே வேற்றுமை. இவ்வளவு கொடிய கருவிக்கு இவ்வளவு வீட்டுப் பாங்கான பெயரை வைத்தவர் யாரோ!

மிதவகை என்பதன் பொருளையும் சற்றுத் தெளிவாக்குதல் நன்று. ஒரு போர்வீரன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது இலேசுரகம். வண்டியும் கப்பலும் சுமப்பன கனரகம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, முக்காலியொன்றின் மீது அமர்ந்து, மூவர் நால்வர் சூழ்ந்து பணி செய்ய, நெடுநேரம் ஓயாது சுடுவதே மிதவகை. ஒருவன் சுடுவான்; ஒருவன் தோட்டாப் பட்டியை ஏந்துவான்; மற்றவர் பெட்டிகளையும் நீரையும் சுமப்பர்.

நீர் எதற்கு என மாணவர் கேட்கக்கூடும். நிமிடத்திற்கு ஐந்நூறு தோட்டாக்கள் வெடிக்கையில் குழல் நெருப்பாய்க் காய்ந்துவிடும். ஆகவே பழைய துப்பாக்கிகளில் குழலைச் சுற்றி ஓர் உருளையமைத்து, அதில் மூன்று நான்கு லீற்றர் நீரை நிரப்பினர். ஓரிரு நிமிடம் விடாது சுட்டால் அந்நீர் கொதிக்கத் தொடங்கும். எழும் ஆவி பகைவனுக்கு இடத்தைக் காட்டிக் கொடாதபடி, இறப்பர்க் குழாய் மூலம் ஒரு தகரப் பாத்திரத்துட் செலுத்தப்பட்டு மீண்டும் நீராகும். குளிர் நாடுகளிலோ இதற்கு மாறான தொல்லை. சுடுவதற்கு முன்னரே நீர் உறைந்து உருளையைப் பிளந்துவிடும் என்பதால் கிளிசரீன் முதலியவற்றை அதனுடன் கலந்தனர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இதன் தொடக்கத்தில் நிற்பவர் சுவீடனிலேயே பிறந்த ஒருவர். ஹெல்கெ பால்ம்கிராண்ட்ஸ் என்பது அவர் பெயர். 1842ஆம் ஆண்டில் வடபுலத்து யெம்த்லாந்து மாகாணத்திலுள்ள ஹமர்தால் என்னும் ஊரிற் பிறந்தார். 1873ஆம் ஆண்டில், பல குழல்களை ஒரே வரிசையிற் பக்கம் பக்கமாக அடுக்கிய துப்பாக்கி ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நெம்புகோலொன்றை முன்னும் பின்னும் கையால் அசைத்தல் வேண்டும். மேலேயுள்ள பெட்டியிலிருந்து தோட்டாக்கள் தம் பாரத்தினாலேயே கீழிறங்கிக் குழல்களுட் புகும். ஓர் அசைவில் எல்லாக் குழல்களும் வெடிக்கும். மறு அசைவில் வெற்றுக் கூடுகள் வெளியே விழும். இன்றைய நோக்கில் இது எளிய பொறியே. ஆயினும் தானே இயங்கும் துப்பாக்கி தோன்றாத அக்காலத்தில் இதனினும் நம்பத்தக்க கருவி அரிதாகவே இருந்தது.

ஸ்டொக்ஹோம் நகரின் கூங்ஸ்ஹோல்மன் தீவில், தியோடோர் வின்போர்க் என்னும் கூட்டாளியுடன் அவர் தொழிற்சாலை நடத்தினார். அங்கே துப்பாக்கி மட்டுமன்றிக் கதிரறுக்கும் பொறிகளும் செய்யப்பட்டன. உழவனுக்கும் போர்வீரனுக்கும் ஒரே பட்டறையில் அறுவடைக் கருவி ஆயத்தமாகியது என்பதை வாசகர் தம் விருப்பப்படி எண்ணிக்கொள்க.

பொறியைப் படைத்தவரிடம் உலகச் சந்தைக்குப் போகப் பணம் இல்லை. பணம் தந்தவர் தோர்ஸ்டன் நோர்டன்பெல்ட். இவரும் சுவீடிஷ்காரரே, இவரும் அதே 1842ஆம் ஆண்டிற் பிறந்தவரே, இலண்டனில் வாணிபம் செய்துகொண்டிருந்தார். முதலீட்டுக்கு அவர் பெற்ற விலைகளுள் ஒன்று, துப்பாக்கியின் பெயர். அன்று முதல் அது ‘நோர்டன்பெல்ட் துப்பாக்கி’ ஆயிற்று. சிறுபடகுகளில் வந்து நீர்மூழ்கிக் குண்டெறியும் பகைவரைத் தடுப்பதற்கு இதுவே தக்கதெனப் பிரித்தானியக் கடற்படை இதனை வாங்கியது. 1882ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் நடந்த சோதனையில், பத்துக் குழல்கள் பூண்ட நோர்டன்பெல்ட் துப்பாக்கி 3,000 சன்னங்களை 3 நிமிடம் 3 விநாடியில் ஒருமுறையேனும் தடைப்படாது சுட்டுத் தீர்த்தது. அந்த வெற்றியைக் காணப் பால்ம்கிராண்ட்ஸ் உயிருடன் இல்லை. 1880ஆம் ஆண்டில், தம் முப்பத்தெட்டாவது வயதிலேயே அவர் காலமாகிவிட்டார்.

பெயரைக் கொண்டவரின் கதையும் இன்பமாக முடிந்ததன்று. துப்பாக்கியின் பின்னுதைப்பையே கொண்டு அதனைத் தானே இயங்கச் செய்த மாக்ஸிமின் கண்டுபிடிப்பு வந்ததும், கையால் நெம்பும் பொறியின் காலம் மங்கலாயிற்று. 1888ஆம் ஆண்டில் இரு கம்பனிகளும் ஒன்றாயின. தம் தொழிலை விற்ற நோர்டன்பெல்ட், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உலகின் எப்பகுதியிலும் துப்பாக்கித் தொழிலில் ஈடுபடுவதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார். பின்னர் அக்கம்பனியை விட்டு நீங்கி வேறொரு கம்பனியிற் சேர முயன்றபோது வழக்கு மூண்டது. 1894ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, அவ்வொப்பந்தம் உலகம் முழுவதையும் அளாவியதெனினும் நியாயமானதே எனத் தீர்ப்பளித்து அவரைத் தடுத்தது. ஆங்கில ஒப்பந்தச் சட்டம் பயிலும் மாணவர் இன்றும் மனனஞ் செய்யும் வழக்கு இது. துப்பாக்கி நூதனசாலைக்குப் போய்விட்டது. வழக்கு வகுப்பறையில் வாழ்கிறது. இரண்டிலும் பால்ம்கிராண்ட்ஸின் பெயர் இல்லை என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

அதன் பின் சுவீடன் பிறநாட்டார் மூளையையே நாடியது. முதல் உலகப் போர் மூண்ட 1914ஆம் ஆண்டின் எண்ணைத் தாங்கிய ‘எம்/14’ துப்பாக்கி, அந்திரேயாஸ் ஸ்வார்ட்ஸ்லோசெ என்னும் ஜேர்மானியர் வகுத்து, ஒஸ்திரிய - ஹங்கேரியப் படை 1907ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பொறியின் வழிவந்தது. சுவீடிஷ் படைக்கலங்களின் பெயரில் வரும் எண் பெரும்பாலும் ஆண்டைக் குறிப்பது என்பதை வாசகர் நினைவிற் கொள்க. 1894ஆம் ஆண்டில் சுவீடனும் நோர்வேயும் ஒரே முடியின் கீழிருந்தபோது கூடி வகுத்த 6.5 மில்லிமீற்றர்த் தோட்டாவே இதற்கும் உணவாயிற்று. அந்த இரு நாடுகளும் 1905ஆம் ஆண்டிற் போரின்றிப் பிரிந்தன. தோட்டா மட்டும் பொதுச் சொத்தாக நின்றது.

ஸ்வார்ட்ஸ்லோசெயின் பொறியில் ஒரு துணிவு உண்டு. பிற துப்பாக்கிகளில், வெடிக்கும் கணத்தில் குழலின் பின்வாயை ஒரு பூட்டு இறுக மூடியிருக்கும். இவர் அப்பூட்டையே நீக்கினார். கனத்த அடைப்பான், வலிய சுருள்வில், மடங்கும் மூட்டுக்கோல் ஆகிய மூன்றின் தயக்கமே சில கணங்களுக்குக் கதவைத் தாங்கும். அத்தயக்கம் தீருமுன் சன்னம் குழலைக் கடந்திருத்தல் வேண்டும் என்பதற்காகக் குழலைக் குட்டையாக்கினார். உறுப்புக்கள் குறைவு, விலை குறைவு, உழைப்போ மிகுதி. கனத்துக்குக் கணக்குப் பார்க்காத பொறியாளர் அவர் என்பது மட்டுமே குறை.

1930களில் வானத்தில் விமானங்கள் பெருகின. மெல்லிய 6.5 மில்லிமீற்றர்ச் சன்னம் நெடுந்தூரம் செல்லினும் அத்தூரத்தில் ஊக்கம் குறைந்துவிடும். ஆகவே சுவீடன் மிதவகைத் துப்பாக்கிகளுக்கென்றே 8 மில்லிமீற்றர்த் தோட்டா ஒன்றை 1932ஆம் ஆண்டின் எண்ணுடன் புதிதாக வகுத்தது. பழைய சன்னத்தின் எடை சுமார் 10 கிராம். புதியது சுமார் 14 கிராம். வேறெந்தப் பெருநாட்டுப் படையும் இதனை ஆளவில்லை. எவரிடமும் இரவல் கேட்க முடியாத தோட்டாவை ஒரு சிறு நாடு தனக்கெனச் செய்துகொள்வது துணிவா, பிடிவாதமா? இரண்டும் கலந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அத்தோட்டாவை உண்பதற்கு வந்தது ‘எம்/36’. ஐக்கிய அமெரிக்காவின் ஜோன் மோசஸ் பிரவுணிங் வகுத்த நீர்க்குளிர்ப்புத் துப்பாக்கியைத் தழுவி, இரும்புத் தொழிலுக்குப் பேர்போன எஸ்கில்ஸ்தூனா நகரின் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இதனைச் செய்தது. பிரவுணிங்கின் மூலப்பொறி எத்தகையது என்பதற்கு 1917ஆம் ஆண்டு மே மாதத்துச் சோதனை சான்றாகும். அன்று பட்டியின் மேற் பட்டியாக ஊட்ட ஊட்ட, 48 நிமிடம் 12 விநாடி ஓயாது அது சுட்டது. சுவீடிஷ்காரர் அதற்கு இரு கைப்பிடிகள் பூட்டினர். புதிய தோட்டாவின் உதைப்பை விழுங்கும் தாங்கியொன்றையும் அமைத்தனர். விமானங்களைச் சுடுவதற்கென இரண்டு துப்பாக்கிகளை ஒரே தொட்டிலில் இணைத்த வகையும் உண்டு.

இங்கே வேடிக்கையான ஒரு சங்கடம் எழுந்தது. இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் தோளில் தாங்கும் சாதாரணத் துப்பாக்கிகளோ 6.5 மில்லிமீற்றர், அவர்கள் காக்கும் பொறியோ 8 மில்லிமீற்றர். ஒரே குழுவுக்கு இருவகைத் தோட்டா எதற்கு என்று அதிகாரிகள் சிந்தித்தனர். 1939ஆம் ஆண்டில் ஜேர்மனியிடமிருந்து வாங்கிய மவுசர்த் துப்பாக்கிகளின் குழலைக் குடைந்து, இப்பெருந்தோட்டாவுக்கு ஏற்றவாறு மாற்றினர். தோட்டா பருத்தது, ஐந்து கொண்ட அறையில் இப்போது நான்கே அடங்கின. முக்காலியின் கனம் தாங்கவேண்டிய உதையை மனிதத் தோள் தாங்கவேண்டியதாயிற்று! குழல் முனையிற் காற்றுத் தடையொன்றைப் பொருத்தி உதையைச் சற்றுத் தணித்தனராயினும், அதனைச் சுட்ட இளைஞர் அவ்வதிகாரிகளை வாழ்த்தியிருப்பர் என்று நாம் நம்பவில்லை.

அவ்வாண்டு இறுதியில் சோவியத் நாடு பின்லாந்தைத் தாக்கியது. சுவீடன் போரிற் குதிக்கவில்லை. ஆனால் களஞ்சியக் கதவுகள் திறந்தன. துப்பாக்கிகளும், இயந்திரத் துப்பாக்கிகளும், பீரங்கிகளும் எல்லை கடந்து சென்றன. தொண்டர்களாக ஏறத்தாழ 8,000 பேர் சென்றனர். 1940ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் நோர்வேயையும் டென்மார்க்கையும் ஜேர்மானியர் தாக்கினர். மூன்று புறமும் போர் சூழ்ந்த நிலையில், அள்ளிக் கொடுத்த களஞ்சியத்தை மீண்டும் நிரப்பவேண்டிய அவசரம். அக்காலத்தின் பிள்ளைதான் ‘எம்/42’. பிரவுணிங்கின் அதே பொறி. ஆனால் நீருருளை நீங்கித் துளையிட்ட உறை வந்தது. காற்றே குழலைக் குளிர்வித்தது. குழு வீரர் பல கிலோகிராம் சுமையும், பனியில் உறையும் நீரின் கவலையும் இன்றி நடந்தனர். கவச வண்டிகளுக்கென ‘எம்/39’ என்னும் உடன்பிறப்பும் உண்டு. அதனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

1958ஆம் ஆண்டில் வந்த ‘கூல்ஸ்புரூத்தா 58’ பெல்ஜியத்து எப்.என். தொழிற்சாலையின் படைப்பு. ஏர்னஸ்ட் வெர்வியே என்னும் பொறியாளர், பிரவுணிங்கின் பழைய இலேசுத் துப்பாக்கியின் பூட்டைத் தலைகீழாகத் திருப்பி, ஜேர்மானியரின் ‘எம்.ஜி. 42’ பட்டி ஊட்டும் முறையை அதனுடன் மணமுடித்து வைத்தார். சுமார் 12 கிலோகிராம் எடை. காய்ந்த குழலை நொடியிற் கழற்றி வேறு பூட்டலாம். இலேசுரகம், மிதரகம் என்ற பிரிவையே பெரும்பாலும் அழித்துவிட்ட துப்பாக்கி இது. பின்னர் உலகில் எண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ஆண்ட இதனை முதன்முதலில் ஏற்ற நாடுகளுள் சுவீடனும் ஒன்று. அப்போதும் தன் பழைய 6.5 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு ஏற்பவே செய்வித்து வாங்கியது.

காத்திருந்த துப்பாக்கிகள் மெய்யாகவே முழங்கியது எங்கே என்று வாசகர் வினவலாம். வடதுருவப் பனியில் அன்று; ஆபிரிக்காவில். 1960ஆம் ஆண்டில் கொங்கோ சுதந்திரம் பெற்ற சில நாட்களிலேயே அங்கு குழப்பம் மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படையில் சுவீடிஷ் துருப்புக்களும் இருந்தன. 1964ஆம் ஆண்டு வரை அங்கு நின்றன. அச்சபையின் செயலாளர் நாயகமும் சுவீடன் ஈன்ற தாக் ஹமர்ஷோல்ட் அவர்களே. கட்டங்கா மாகாணத்துச் சண்டையை நிறுத்தும் பேச்சுக்குச் சென்ற வழியில், 1961ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், விமானம் வீழ்ந்து அவர் மாண்டார். அதே கட்டங்காவில் சுவீடிஷ்காரர் கவச லொறிகளில் ஓடித் திரிந்தனர். அவற்றின் மேல் இரட்டையாய் நின்றது, விமானத்தையும் நெடுந்தூரப் பகைவனையும் எண்ணி 1930களில் வகுத்த அந்த 8 மில்லிமீற்றர் ‘எம்/36’. தன் மண்ணைக் காக்கவெனச் செய்த கருவி, பிறர் மண்ணில் அமைதியை நிலைநாட்டும் பெயரால் உயிர்களைக் கொண்டது.

1960களின் நடுப்பகுதியில் சுவீடன் தன் தனித்தோட்டாக்களை மெல்ல மெல்லக் கைவிட்டு, வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளின் 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவைத் தழுவியது. ‘எம்/42’இலும் ‘58’இலும் குழல்கள் மாறின. அவ்வொப்பந்தத்தில் நாடு சேர்ந்ததோ 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆந் திகதி. நாட்டுக்கு முன்னரே தோட்டா சேர்ந்துவிட்டது. பின்னர் கூறுவோம் என்ற ‘எம்/39’ இன்னும் ஓய்வு பெறவில்லை. சுவீடிஷ் படையின் 90ஆம் இலக்கக் காலாட்படைக் கவச வண்டியிலே, 40 மில்லிமீற்றர்ப் பீரங்கியின் அருகில், 7.62 மில்லிமீற்றராக மாற்றப்பட்ட அந்தப் பழைய பிரவுணிங் அமர்ந்திருக்கிறது.