ஏணியிலிருந்து விழுந்தால் நீதி சொல்வது யார்?

சேலத்திலிருந்து புறப்படும் பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறுகிறது. வெயில் குறைகிறது. குளிர் காற்று முகத்தில் அடிக்கிறது. ஏற்காடு வந்துவிட்டது!

ஏரியும் காடும் சேர்ந்த ஊர். அதனால்தான் இந்தப் பெயர். சேர்வராயன் மலையில் இருக்கும் இந்த ஊருக்கு உல்லாசப் பயணிகள் ஏரியைப் பார்க்க வருகிறார்கள். ஆனால் மலையில் வாழ்கிறவர்களுக்குச் சோறு போடுவது காப்பித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். காப்பிக்கு நிழல் தர ஓங்கி வளர்ந்த மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது.

மிளகு பறிக்க ஏணி வேண்டும். உயரமான மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு தொழிலாளி ஏறுகிறார். கீழே சரிவான நிலம். பனியில் நனைந்த மரம். கால் வழுக்கினால்?

ஒரு குடும்பத்தின் கதை

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு வயது 40. மாதச் சம்பளம் 12 ஆயிரம் ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஏணியிலிருந்து விழுந்த அவருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் எலும்பு கூடிவிடுகிறது. ஆனால் கால் சற்று இழுக்கிறது. அவரால் இனி நடக்க முடியும். ஏணியில் ஏற முடியாது.

இவருக்கு எவ்வளவு நஷ்ட ஈடு?

சட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது. சம்பளத்தில் 100க்கு 60 பங்கை எடுக்க வேண்டும். அது 7,200 ரூபாய். 40 வயதுக்கு உரிய பெருக்கு எண் 184.17. பெருக்கினால் 13 லட்சத்து 26 ஆயிரத்து 24 ரூபாய் வரும். சம்பாதிக்கும் சக்தி முழுவதும் போய்விட்டால் இந்தத் தொகை. பாதி போனால் பாதி. கால் பங்கு போனால் கால் பங்கு.

இங்கேதான் சிக்கல். "20 சதவிகிதம் ஊனம்" என்று டாக்டர் எழுதினால் கிடைப்பது சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். 'ஏணி ஏற முடியாத மிளகுத் தொழிலாளிக்கு வேலை ஏது? இழப்பு 40 சதவிகிதம்' என்று முடிவானால் 5 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். ஒரே மனிதர். ஒரே கால். வித்தியாசமோ இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு! பிள்ளைகளின் படிப்பே அதில் அடங்கியிருக்கிறது.

அந்த முடிவைச் சொல்கிறவர் யார்? அவரை நியமிப்பது யார்?

கமிஷனர்

தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923ல் பிறந்தது. இந்த வழக்குகளை விசாரிக்கக் கமிஷனர்களை நியமிக்கும் பொறுப்பை அது மாநில அரசாங்கத்துக்குக் கொடுத்தது. சேலத்தில் தொழிலாளர் துறைத் துணைக் கமிஷனரே இந்தப் பொறுப்பையும் பார்த்து வந்தார். ஆகவே ஏற்காட்டுத் தொழிலாளி நியாயம் கேட்க மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு.

யார் கமிஷனர் ஆகலாம்? 2009ல் வந்த திருத்தம் இதைத் தெளிவாக்கியது. ஐந்து ஆண்டுகளாவது நீதித்துறையில் இருந்தவராக இருக்க வேண்டும். அல்லது ஐந்து ஆண்டு வக்கீல் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தொழிலாளர் விவகாரங்களில் படிப்பும் அனுபவமும் உள்ள கெஜட் பதவி அதிகாரியாக ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது.

2025ஆம் ஆண்டு நவம்பர் 21ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டது. கமிஷனர் என்ற பெயர் மாறி, 'தகுதியுள்ள அதிகாரி' என்று ஆனது. ஆனால் ஐந்து ஆண்டு அனுபவம் என்ற அளவுகோல் மாறவில்லை. நியமிப்பது அரசாங்கம் என்பதும் மாறவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. எஸ்டேட் கொடுத்த வீடு இடிந்து விழுந்து, தொழிலாளியோ அவர் குடும்பத்தாரோ இறந்தால், அல்லது காயம் அடைந்தால், முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும். குடியிருப்பவரின் தவறு மட்டுமே காரணம் என்றாலோ, இயற்கைச் சீற்றம் என்றாலோதான் விலக்கு. 1981ல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் நுழைந்த இந்த விதி, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. மழையில் இடிந்தது சீற்றத்தாலா, பழுது பார்க்காததாலா? அதையும் சொல்லப் போகிறவர் அந்த அதிகாரிதான்.

அப்பீல்

முடிவு பிடிக்காவிட்டால் ஐகோர்ட்டுக்குப் போகலாம். 60 நாள் கெடு. முதலாளி அப்பீல் செய்வதானால், கொடுக்கவேண்டிய பணத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இது ஏழைக்குச் சட்டம் கொடுத்த கேடயம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் ஐகோர்ட்டு விசாரிக்கும். அவர் எப்படி விழுந்தார், என்ன வேலை செய்தார் என்ற சங்கதிகளை முடிவு செய்வது கீழே இருக்கும் அதிகாரிதான். எனவே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது பெரிய விஷயம்.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1968ல் ஒரிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை எடுக்கவேண்டி வந்தது. 'ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே சம்பாதிக்கும் சக்தி முழுவதும் போய்விட்டது' என்று கமிஷனர் முடிவு செய்தார். முதலாளி சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1975ல் சுப்ரீம் கோர்ட்டு கமிஷனரின் முடிவே சரி என்றது. உளி பிடிக்க இரண்டு கை வேண்டும் என்று அந்தக் கமிஷனருக்குத் தெரிந்திருந்தது!

மூவர் உட்காரும் மேஜை

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணம் இருக்கிறது. நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் டொரன்டோ நகரம் அங்கேதான் உள்ளது. அங்கே வேலையில் காயம் அடைந்தவர்களின் அப்பீலைக் கேட்க 1985 முதல் தனி நீதி மன்றம் இருக்கிறது. மூவர் குழு உட்கார்ந்தால், நடுவில் நடுநிலையானவர் இருப்பார். ஒரு பக்கம் முதலாளிகள் தரப்பு உறுப்பினர். மறுபக்கம் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இதுபோல ஒரு ஏற்பாடு இருந்தது. இன்ஸ்பெக்டரின் பாதுகாப்பு உத்தரவை எதிர்த்து அப்பீல் வந்தால், இரண்டு ஆலோசகர்களை உடன் வைத்து விசாரிக்கலாம். ஒருவரைத் தொழில் அதிபர்களின் சங்கம் நியமிக்கும். மற்றவரை அப்பீலை விசாரிக்கும் அதிகாரியே நியமிப்பார். தொழிலாளர் சங்கம் நியமிக்கும் ஆள்? அந்த இடம் சட்டத்தில் இல்லை.

நஷ்ட ஈட்டு வழக்கில், விஷயம் தெரிந்தவர்களை உதவிக்கு அழைத்துக்கொள்ள அதிகாரிக்கு உரிமை உண்டு. மிளகு ஏணியைப் பற்றி ஏணி ஏறியவரிடமே கேட்கலாம் அல்லவா?

வீட்டில் வைக்க வேண்டியவை

விபத்து நடந்ததும் முதலாளிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு, பார்த்தவர்களின் பெயர், இவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

இந்த முறை தை மாதத்திலும் சேர்வராயன் மலையில் ஏணிகள் நிமிரும். மிளகு கீழே இறங்கும். ஏறியவர் பத்திரமாக இறங்க வேண்டும். தவறி விழுந்தால், ஏணி என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் நீதி சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் கேட்பது அவ்வளவுதான்.