மெலனோமா சிகிச்சையும் உணவுக் குறைநிரப்பிகளும்

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் ஆகும். தோல் புற்றுநோய்களுள் இது எண்ணிக்கையில் குறைவு. ஆனால் நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கு விரைவில் பரவக்கூடியது. வெளிர்நிறத் தோலினருக்கு வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இதன் முதன்மைக் காரணம். இந்தியரிடையே இது அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் அடிக்கடி காணப்படுகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இவ்வகையே. அது பரவி 1981-இல் தம் 36-ஆம் வயதில் அவர் இறந்தார்.

சிகிச்சை பெறுவோர் பலர் உயிர்ச்சத்து மாத்திரை, மீன் எண்ணெய், மஞ்சள் சாறு, லேகியம், சூரணம் போன்றவற்றையும் சேர்த்து உட்கொள்கின்றனர். இவற்றுள் உணவாக விற்கப்படும் மாத்திரைகளும் பொடிகளும் உணவுக் குறைநிரப்பிகள் எனப்படும். இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல என்ற வாசகம் இவற்றின் உறையில் இருக்க வேண்டும்.

சிகிச்சை முறைகள்

தொடக்க நிலையில் அறுவை சிகிச்சையே முதன்மையானது. பரவிய நிலையில் இரு வகை மருந்துகள் பயன்படுகின்றன. இபிலிமுமாப் (2011), பெம்புரோலிசுமாப் (2014), நிவோலுமாப் (2014) ஆகியவை நோயெதிர்ப்பு மருந்துகள். இவை வெள்ளணுக்களின் மீதுள்ள தடையை நீக்கி, புற்றணுக்களைத் தாக்க விடுகின்றன. வெமுராபெனிப், டாப்ராபெனிப் போன்றவை பிராஃப் என்னும் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்குத் தரப்படும் இலக்கு மருந்துகள். அடைப்புக்குறியில் உள்ளவை அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த ஆண்டுகள்.

எதிர்ப்புச் சக்தியும் கல்லீரலும்

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் பொருள் நோயெதிர்ப்பு சிகிச்சைக்குத் துணை நிற்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தடை நீங்கிய வெள்ளணுக்கள் சில வேளைகளில் நோயாளியின் கல்லீரல், குடல், தைராய்டு ஆகியவற்றையும் தாக்கும். கல்லீரல் அழற்சி ஏற்பட்டால் மருந்து நிறுத்தப்பட்டு ஸ்டீராய்டு தரப்படும்.

மஞ்சள் சாறு மாத்திரை, பச்சைத் தேயிலைச் சாறு, அசுவகந்தா ஆகியவற்றாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டுள்ளது. கோவிட் காலத்தில் சீந்தில் உட்கொண்ட 6 பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டனர். ஆயுஷ் அமைச்சகம் அக்கருத்தை ஏற்கவில்லை. இத்தகைய பொருள்களை நோயாளி சொல்லாமல் உட்கொண்டால், பாதிப்பு எதனால் வந்தது என்று மருத்துவரால் பிரித்தறிய இயலாது. பயன் தந்துகொண்டிருக்கும் புற்றுநோய் மருந்தே நிறுத்தப்படக்கூடும். குழம்பில் இடும் மஞ்சளின் அளவு மிகச் சிறியது; செறிவூட்டிய மாத்திரையோடு அதை ஒப்பிட முடியாது.

ஆய்வுகள்

பீட்டா கரோட்டின்: பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது.

ஆக்சிசனேற்றத் தடுப்பான்கள்: 2015-இல் சுவீடன் ஆய்வாளர்கள் மெலனோமா உள்ள எலிகளுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தபோது, நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவுவது அதிகரித்தது. இது எலிகளில் கண்ட முடிவு.

நார்ச்சத்தும் புரோபயாடிக்கும்: 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து உண்ட மெலனோமா நோயாளிகளிடம் நோயெதிர்ப்பு சிகிச்சையின் பயன் நீடித்தது. நார்ச்சத்து மிகுதியாக உண்டு, புரோபயாடிக் மாத்திரை எடுக்காதவர்களிடம் பயன் கூடுதலாக இருந்தது. இது உற்றுநோக்கல் ஆய்வு. காரண காரியத்தை உறுதியாக நிறுவுவதில்லை.

கடலோர உணவில் பொருத்திப் பார்த்தல்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்திலுள்ள வேம்பார், முத்துக்குளித்துறையின் ஏழு பழைய கடற்துறைகளுள் ஒன்று. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பனையும் மானாவாரி நிலமும் கொண்ட இப்பகுதியின் உணவு, மேற்கண்டவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பது கடலோர வழக்கம். அது நல்ல புரத உணவு. ஆனால் சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்ற கூற்றைக் கொண்டு 1990-களில் சுறாக் குருத்தெலும்பு மாத்திரைகள் உலகெங்கும் விற்கப்பட்டன. சுறாக்களுக்கும் புற்றுநோய் வருகிறது. குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது அது ஆயுளை நீட்டிக்கவில்லை.

கரிசல் காட்டில் விளையும் கம்பிலும் சோளத்திலும் 100 கிராமுக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. கம்பங்கூழ், பாசிப்பயறு, கீரை ஆகியவற்றைக் கொண்டே 20 கிராமை எட்டிவிடலாம். சிகிச்சையால் குடல் அழற்சியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே நார்ச்சத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. ஸ்டீராய்டு எடுப்போருக்கு இரத்தச் சர்க்கரை கூடும் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பயன்படும் சூழல்கள்

இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து, உயிர்ச்சத்து டி, பி12 ஆகியவற்றின் குறைபாடு தெரிந்தால் மருத்துவரே மாத்திரை தருவார். எடை குறைந்து, உணவு இறங்காத நிலையில் புரதப் பொடியும் தேவைப்படலாம். இவை குறைபாட்டைச் சரிசெய்யவே. புற்றுநோயைக் குணப்படுத்துவதற்கு அல்ல.

மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

- உட்கொள்ளும் மாத்திரை, பொடி, கசாயம், லேகியம் அனைத்தின் பெயரும் அளவும், தொடங்கிய நாளும். புட்டியையே எடுத்துச் செல்வது நல்லது.
- அறுவை சிகிச்சைக்கு முன்: மீன் எண்ணெய், உயிர்ச்சத்து ஈ, பூண்டு மாத்திரை ஆகியவை இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும்.
- இலக்கு மருந்து எடுக்கும்போது: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை சில மருந்துகளின் அளவை உடலில் குறைத்துவிடும்.
- சிகிச்சைக் காலத்தில் மஞ்சள் காமாலை, அடர்நிறச் சிறுநீர், தொடர் வயிற்றுப்போக்கு தோன்றினால் உடனே.