அடித்த வாத்தியாரே மெச்சினார்! மறக்காமல் எழுதிய அப்துல் கலாம்

ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளி. 1940-களில் ஒரு நாள். கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ண ஐயர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ராமேசுவரத்துப் பையன் ஒருவன் தெரியாத்தனமாக அந்த வகுப்புக்குள் நுழைந்துவிட்டான். ஐயருக்கு வந்ததே கோபம்! கழுத்தைப் பிடித்தார். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, பிரம்பால் விளாசிவிட்டார்.

அந்தப் பையன் வேறு யாருமல்ல, அப்துல் கலாம்!

முழு மார்க்

பல மாதம் கழிந்தது. கணக்கில் கலாம் முழு மார்க் வாங்கினார். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதே ஐயர் எழுந்தார். அடித்த கதையைப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் தானே சொன்னார். தன்னிடம் அடி வாங்கியவன் பெரிய ஆளாவான், இவன் பள்ளிக்கும் வாத்தியார்களுக்கும் பேர் வாங்கித் தருவான் என்றார். நாலு பேர் முன்னால் அடித்தவர், ஊரறிய மெச்சினார்.

வாக்கு பலித்தது. 2002-ல் கலாம் ஜனாதிபதி ஆனார்.

அதே பள்ளியில் அவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டிய இன்னொரு ஆசிரியர் அய்யாதுரை சாலமன். ஆசைப்படு, நம்பு, நடக்கும் என்று எதிர்பார். இதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

1999-ல் வந்த சுயசரிதையில் இருவரையும் பேர் சொல்லி நினைவுகூர்ந்தார் கலாம். இன்று வாத்தியார்களும் இல்லை, மாணவரும் இல்லை. 2015 ஜூலை 27-ந்தேதி ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே கலாம் மயங்கிச் சாய்ந்தார். வயது 83.

அப்போதும் அவர் வாத்தியாராகத்தான் நின்றுகொண்டிருந்தார்.