மாலை போடலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

கார்த்திகை முதல் தேதிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. இந்த வாரம் வந்த கடிதங்களில் பல ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: “ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மாலை போட்டால் மலைக்குப் போய் வரும்வரை நிறுத்தி வைக்கலாமா?” இன்னொருவர் ஒரு வழியும் கண்டுபிடித்திருக்கிறார்: “காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. ராத்திரி பஜனை முடிந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டால் சரிதானே?”

இரண்டும் சரியில்லை.

இங்கே பேசுவது ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் பிரெட்னிசோலோன் வகையறா. ஜிம்மில் போடும் ஊசி வேறு சமாசாரம். ‘மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து’ என்பது அரசு இதற்குத் தந்திருக்கும் இலக்கணம். அட்டையிலும் அச்சிட்டிருக்கிறது. கடையில் அதற்கு எழுதப்பட்ட உரை, “எத்தனை நாளைக்குண்ணே வேணும்?” என்பதுதான். கத்தரிக்கோல் அந்த எச்சரிக்கையின் குறுக்கே ஓடி, நாலு மாத்திரையைப் பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்துவிடும். 2018-ல் 14 ஸ்டீராய்டு களிம்புகளையும் இதே பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல்தான் நீண்டது.

தூங்கிப்போகும் சுரப்பி

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தாமே சுரக்கின்றன. ஒரு நாள் சுரப்பு, சுமார் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். சுரக்கச் சொல்லி ஆணையிடுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அந்த ஆணை நள்ளிரவில் அடங்கி, விடியலுக்கு முன் பெருகி, நாம் எழும் நேரத்தில் உச்சம் தொடும்.

ரத்தத்தில் ஸ்டீராய்டு போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி ஆணையை நிறுத்திவிடும். அது சுரப்பியிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வந்ததா என்று விசாரிக்காது. மூன்று வாரத்துக்கு மேல் இப்படியே போனால், வேலையில்லாத அட்ரினல் சுருங்கத் தொடங்கலாம். அப்போது மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வெளிச்சரக்கும் இல்லை, சொந்தச் சரக்கும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். சுரப்பி மறுபடி விழிக்க மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைப்பது இதனால்தான்.

ராத்திரி மாத்திரையின் சிக்கலும் இங்கேயே இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் போட்டால், அது உடம்பின் சொந்த உச்சத்தோடு சேர்ந்துபோகும். அடுத்த விடியலுக்குள் அதன் வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும். பஜனை முடிந்து பத்து மணிக்குப் போட்டாலோ, விடியற்கால ஆணை புறப்படும் நேரத்தில் வாசலை மறித்து நிற்கும். தூக்கமும் கெடும். அதே மாத்திரை, அதே அளவுதான். ஆனால் சுரப்பி இன்னும் ஆழமாகத் தூங்கும். உங்கள் நோய்க்காக மருத்துவரே வேறு நேரம் எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மற்ற கேள்விகள்

வெறும் வயிற்றில் போடலாமா? வேண்டாம், விரதமானாலும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ முதலில் உள்ளே போகட்டும்.

சர்க்கரை ஏறுமா? ஏறும், காலை வெறும் வயிற்றுச் சோதனை நல்லபிள்ளையாகக் காட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் குட்டு வெளிப்படும்.

ஊறுகாய், அப்பளம்? குறையுங்கள், உப்பு, வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும்.

எலும்புக்கு? பால், கேழ்வரகு, வெயில், தினமும் நடை.

இன்ஹேலர்? இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

காய்ச்சல் வந்தால்? நிறுத்தவே கூடாது, அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம், அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

‘பக்கவிளைவே இல்லாத’ மூட்டுவலிப் பொடி? இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதுண்டு.

மாலை போடுமுன் குருசாமியைக் கேட்பீர்கள். அதற்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் சாமிகளில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். ஏற்றத்தில் மயங்கி விழுந்தால், அதைச் சொல்ல உங்களால் முடியாது.