விதியறிவும் நடுவர் பயிற்சியும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியை முன்வைத்து

விளையாட்டு குறித்த தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வீரரையும் பயிற்சியாளரையும் மையமிட்டவை. ஆட்டத்தின் முடிவை விதிப்படி நிறுவும் நடுவரோ, பிழை நேர்ந்தபோது மட்டுமே பேசப்படுகிறார். நடுவர் பணி எவ்வாறு கற்கப்படுகிறது என்பதைக் குழு விளையாட்டான கபடி, தனிநபர் விளையாட்டான தடகளம் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்க முனைகிறது. விதிநூலை மனங்கொள்வது இப்பணியின் தொடக்கம் மட்டுமே. எங்கு நின்று, எதை, எக்கணத்தில் காண்பது என்பதே கற்றற்கு அரிய பகுதியாகும்.

விதியறிவு மட்டும் போதாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 7 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28-28 எனச் சமநிலையில் இருந்தன. பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தொடாமலேயே லாபி எனப்படும் பக்கப் பகுதிக்குள் கால்வைத்தார்; ஈரானியப் பிடிப்பாளர்களும் அவரைத் தொடர்ந்து அதனுள் நுழைந்தனர். ஒரு விதியின்படி பாடியவர் மட்டுமே ஆட்டமிழப்பார்; மற்றொன்றின்படி பின்தொடர்ந்தவர்களும் ஆட்டமிழப்பர். எது பொருந்தும் என்பதில் முடிவு மாறி மாறி அறிவிக்கப்பட்டது. ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணிநேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33-29 என வென்றது. அங்கு இருந்தவர்கள் விதி அறியாதவர்கள் அல்லர். பழைய விதியும் புதிய விதியும் ஒரே நேரத்தில் நினைவில் நின்றதே சிக்கல் எனக் கருத இடமுண்டு. அவ்வகையில், நடுவர் கல்வியில் மறக்கக் கற்றலும் அடங்கும்.

கபடியில் ஒரு பாடலுக்கு உரிய நேரம் 30 நொடி. அதற்குள் நடுவர் காண வேண்டியவை பல. போனஸ் புள்ளி ஒன்றையே கொள்வோம். எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ களத்தில் இருக்க வேண்டும்; பாடுபவரின் ஒரு கால் போனஸ் கோட்டைக் கடந்து ஊன்றும்போது பின்கால் தரையில் படாதிருக்க வேண்டும். முன்காலை நோக்கும் கண் பின்காலைத் தவறவிடும். பயிலும் நடுவர் முதலில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆட்கணக்கைப் பாடல் தொடங்கும் முன்பே மனத்தில் கொண்டுவிட்டு, கோடு மிதிபடும் கணத்தில் பின்காலுக்குப் பார்வையை மாற்றுவது பழக்கத்தால் மட்டுமே வரும். புள்ளி குறிப்பவராகவும் உதவியாளராகவும் சில காலம் இருந்த பின்னரே விசிலைக் கையில் எடுப்பது நன்று எனக் கூறுவதன் காரணமும் இதுவே.

கண்ணைப் போலவே செவிக்கும் பயிற்சி வேண்டும். பாடுபவர் ‘கபடி’ என்னும் சொல்லையே இடைவிடாது, தெளிவாக ஒலிக்க வேண்டும். தமிழில் சடுகுடு என்றும் தெலுங்கில் செடுகுடு என்றும் வழங்கிய ஆட்டம், விதிநூலில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டது. (‘கைபிடி’யிலிருந்து கபடி பிறந்தது என்னும் சொல்லாராய்ச்சி இங்குத் தேவையில்லை.) ஓசூர், தளி, பாகலூர் வட்டாரங்களில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது வழிக் கல்வியும் உண்டு. 1970களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டை வெளிமாவட்ட, வெளிமாநிலக் குடும்பங்களையும் கொண்டுவந்தது. ஆகவே, குறுவட்டப் போட்டி ஒன்றில் எதிரெதிர் நிற்கும் இரு அணிகளுக்கும் வீட்டுமொழி வேறாக இருத்தல் இயல்பு. இத்தகைய களத்தில் வாய்விளக்கத்தால் தகராறு வளரும். விசிலும் கைச்சைகையுமே யாவர்க்கும் பொதுமொழி. சைகையை அரைகுறையாகக் காட்டும் நடுவர் சரியான தீர்ப்பை வழங்கியும் ஐயத்திற்கு ஆளாவார்.

தடகளத்தில் சிக்கலின் தன்மை வேறு. அங்கு ஆடுவோரிடையே உடல்மோதல் குறைவு, அளத்தலே பெரும்பணி. கைக்கடிகாரத்தால் நேரம் குறிப்போர், தொடக்கத் துப்பாக்கியின் ஒலியைக் கேட்டு அன்று, அதன் புகையையோ ஒளியையோ கண்டே கடிகாரத்தை இயக்க வேண்டும். ஒலி 100 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.29 நொடி ஆகும். செவியை நம்பினால் அவ்வளவும் ஓடியவருக்கு இல்லாத பெருமையாகச் சேரும். மூவர் குறித்த நேரங்கள் வேறுபடின் நடுவிலுள்ளதே கொள்ளப்படும்.

நீளத்தாண்டலிலோ விதியே மாறியது. முன்பு களிமண் போன்ற பசைப்பட்டையில் பதிந்த கால்தடமே பிழைக்குச் சான்று. 2021 நவம்பர் முதல், உந்துகோட்டின் செங்குத்துத் தளத்தைக் காலணி கடந்தாலே பிழை. பள்ளி மைதானத்தில் ஒளிப்படக் கருவி இராது. எனவே, தடத்தைக் குனிந்து தேடிப் பழகிய நடுவர், கோட்டின் நேரே தாழ அமர்ந்து நொடிப்பொழுதைக் காணப் பழகியாக வேண்டும். ஹாங்சோவில் நேர்ந்ததன் சிறு வடிவம் இங்கும் நேரலாம்.

இனி, யார் நடுவர் என்னும் வினா. குறுவட்டம், வருவாய் மாவட்டம் என விரியும் பள்ளிப் போட்டிகளில் உடற்கல்வி ஆசிரியர்களே பெரும்பாலும் இப்பணியை ஏற்கின்றனர். காலையில் தம் மாணவரைக் களமிறக்கியவர் பிற்பகலில் அதே கோப்பைக்கான வேறோர் ஆட்டத்தில் விசில் ஊத நேரிடுகிறது. அவர் நேர்மை தவறாதவராயினும், ஐயத்தைத் தவிர்க்கும் பொறுப்பை அவர்மீது மட்டும் சுமத்துவது முறையன்று. கபடியில் களநடுவர் இருவரும் முரண்படும்போது தீர்ப்பளிப்பவர் தலைமை நடுவர். அந்த ஓர் இருக்கையையேனும் போட்டியில் அணி இல்லாத பள்ளியின் ஆசிரியருக்கு ஒதுக்குவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. ஆட்ட அட்டவணையைத் தயாரிக்கும் நாளிலேயே அதைச் செய்துவிடலாம்.