கேட்டுக்கு வெளியே நிற்கும் கோடிகள்

துறைமுகத்துக்கு அரசு பணம் ஒதுக்கினால் செய்திகளில் வருவது கப்பல்தளத்தின் நீளம், கடலின் ஆழம், கிரேன்களின் எண்ணிக்கை. 2015-ல் துறைமுக வளர்ச்சிக்கான சாகர்மாலா திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து இந்தக் கணக்குகளுக்குக் குறைவே இல்லை. ஆனால், சென்னைத் துறைமுகத்தின் உண்மையான வேகம் என்ன என்பது ராயபுரம் பக்கம் லாரிகள் நுழையும் ஜீரோ கேட்டுக்கு வெளியே போய் நின்றால்தான் தெரியும்.

நெரிசல் முற்றிய நாட்களில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் காசிமேட்டைத் தாண்டி, திருவொற்றியூர் வரை வரிசை கட்டும். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, மறுபக்கம் மீனவர் வீடுகள். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஸ்டவ், குக்கர், அரிசிப் பை எல்லாம் இருக்கும். டிரெய்லருக்கு அடியில் விழும் நிழலில்தான் சமையல். ஒரே கேன் தண்ணீரில் குடிக்கவும் வேண்டும், அரிசி களையவும் வேண்டும், முகம் கழுவவும் வேண்டும். கழிப்பறைக்கு அந்தக் கருங்கல் கரைதான். சற்றே கண்ணயர்ந்தால் முன்வண்டி நகர்ந்துவிடும், பின்னாலிருந்து ஹாரன் அலறும். தூக்கம் கெட்ட அந்த மனிதர்தான், உள்ளே பெட்டியை இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்காக ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வண்டியை ஓட்டியாக வேண்டும்.

இந்தக் காத்திருப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. டிரைவருக்குப் பெரும்பாலும் டிரிப் கணக்கில்தான் காசு. வண்டி நின்றால் பேட்டா கரையும், வருமானம் வராது. கடன் வாங்கி ஒன்றிரண்டு டிரெய்லர் வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கோ, வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. ஏற்றுமதிப் பெட்டி கப்பலின் கட்-ஆஃப் நேரத்துக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் அடுத்த கப்பலுக்குத்தான். இறக்குமதிப் பெட்டியைக் குறித்த நாளுக்குள் காலியாகத் திருப்பித் தராவிட்டால், அதற்கு நாள் வாடகை ஏறும். கடைசியில் இந்தச் செலவெல்லாம் சரக்கின் விலையில் சேர்ந்து நம் தலையில்தான் விடிகிறது.

சாலைக்கென்று பணம் ஒதுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-லேயே அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர், 1,800 கோடி ரூபாய்ச் சொச்சம் என்பது அன்றைய கணக்கு. 2012-ல் வேலை நின்றது. கூவம் ஆற்றில் எழுப்பிய தூண்கள் வருஷக்கணக்கில் மொட்டையாக நின்றதைச் சென்னைவாசிகள் பார்த்தார்கள். பிறகு திட்டம் மாற்றி வரையப்பட்டு, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. இப்போது 20 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், 5,800 கோடி ரூபாய்க்கும் மேல். நேப்பியர் பாலம் பக்கத்திலிருந்து கோயம்பேடு வரை இரண்டு அடுக்கு. கீழ்த்தளம் நகர வாகனங்களுக்கு, மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு. பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் அனுமதி இல்லாததால், மாதவரம், மணலி வழியாகச் சுற்றி வரும் சரக்குக்கு இது நேர்வழி ஆகும். இடையில் போன ஆண்டுகள் போனவைதான்.

அதே 2022 மே மாதத்தில்தான் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் பன்முனைச் சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் விழுந்தது. 184 ஏக்கர், சுமார் 1,400 கோடி ரூபாய்த் திட்டம். ரயில் இணைப்போடு அது முழுமையானால், தொழிற்சாலைப் பெட்டிகள் தண்டவாளத்தில் ஏறித் துறைமுகத்துக்கு வரலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட ராயபுரம், இதே துறைமுகத்தின் வாசலில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி இன்றைக்கும் டயரில்தான் உருள்கிறது.

கேட்டில் சோதனை முறைகள் மாறியிருக்கின்றன, சாலை அகலமாகியிருக்கிறது, பழைய நெரிசல் இப்போது இல்லை என்று துறைமுகத் தரப்பில் சொல்கிறார்கள். நல்ல சேதிதான். ஆனால் ஒரு ஸ்கேனர் பழுதானாலோ, புயலுக்குப் பிறகு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ வரிசை மறுபடி சாலைக்கு வந்துவிடுகிறது. வந்த வண்டியை நிறுத்த இடமில்லாத துறைமுகம், எத்தனை கிரேன் வாங்கினாலும் பாதித் துறைமுகம்தான்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. தன் பிள்ளை இந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூடாது என்று நினைக்கும் டிரைவர்தான் இன்று அதிகம். குளிக்க இடமில்லாத, வீடு திரும்பும் நாள் தெரியாத வேலைக்கு எந்த இளைஞன் வருவான்? பத்து வருடம் கழித்துத் தளம் இருக்கும், மேம்பாலம் இருக்கும். நாற்பது அடிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, குறுகிய வளைவில் பிசகாமல் திருப்பத் தெரிந்த கை இருக்குமா?

ஆகவே இனி வரும் ஒவ்வொரு துறைமுகத் திட்டத்திலும், முதல் தவணைப் பணத்திலேயே லாரி நிறுத்துமிடம், கழிப்பறை, குளியலறை, சாப்பாட்டுக் கூடம், படுக்க ஒரு கட்டில் ஆகியவை கட்டப்பட வேண்டும். பெட்டி உள்ளே நுழைய எத்தனை மணி நேரம் ஆனது என்ற கணக்கை, கையாண்ட சரக்கின் டன் கணக்கோடு மாதாமாதம் வெளியிட வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் கேட்டில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் டிரைவருக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசு துறைமுகத்தின் கையிலிருந்து போகத் தொடங்கினால், வரிசை தானாகக் குறையும்.