ராத்திரியில் கை மரத்துப் போகிறதா?

"ராவுல கை மரத்துப் போவுதுங்க. எந்திரிச்சு உதறினாத்தான் சரியாவுது." நமது தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பலர் சொல்வது இது. குளிர் என்பார்கள், வாதம் என்பார்கள், எண்ணெய் தேய்ப்பார்கள். தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் கோளாறு இருப்பது மணிக்கட்டுக்குள்ளே.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு குறுகிய வழி உண்டு. அடியிலும் பக்கங்களிலும் 8 சிறு எலும்புகள், மேலே பட்டை போல ஒரு தடித்த நார். அந்த இடுக்குக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் சேர்ந்து போகின்றன. நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளி, மணிக்கட்டை மடக்கி மடக்கி வேலை செய்தால் நாண்களைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துவிடும். எலும்பும் விட்டுக் கொடுக்காது, நாரும் விட்டுக் கொடுக்காது. நசுங்குவது நரம்புதான். தூக்கத்தில் கையை மடக்கிப் படுப்பதால் இரவில் கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கும், சீனி வியாதி, தைரொயிட் குறைவு உள்ளவர்களுக்கும் இது சுலபமாக வரும்.

எந்த விரல் என்று கவனியுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் இந்த நரம்பு. சுண்டுவிரல் பக்கம் என்றால் வேறு நரம்பு. அது முழங்கையிலும் நசுங்கலாம். திடீரென்று ஒரு பக்கக் கை விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லயத்துக்குப் பின்னால், டின்னில் சிமெந்து ஊற்றிப் பாரம் தூக்கும் தம்பிமாருக்கும் இது வரும். தலைக்கு மேல் தூக்கும்போது மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் அதே நரம்புதான் நசுங்குகிறது. கம்பி விரல்களின் அடியில் நிற்காமல், உள்ளங்கையின் அடிப்பாகத்தில், முன்கை எலும்புக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரல் விறுவிறுத்தால் பாரத்தைக் குறையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது வீரம் இல்லை, தம்பி!

ஆரம்பத்தில் வைத்தியம் சுலபம். படுக்கும்போது மணிக்கட்டு மடங்காதபடி ஒரு தட்டைப் பலகைத் துண்டையோ தடித்த காட்போட் மட்டையையோ வைத்து, முன்கையிலிருந்து உள்ளங்கை வரை துணியால் சுற்றுங்கள். விரல்கள் ஆட வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. சில கிழமைகள் விடாமல் செய்தால் பலருக்குக் குறையும். குறையாவிட்டால் மணிக்கட்டில் ஊசி போடுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால், கையை மட்டும் மரக்க வைத்து அந்த நாரை வெட்டிவிடும் சிறு சத்திரசிகிச்சை இருக்கிறது. அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

வருடக்கணக்கில் விட்டால்தான் மோசம். பெருவிரலின் அடியில் உள்ள மேட்டுச் சதை வற்றும். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பள்ளமாகத் தெரிந்தால், சட்டை பொத்தான் போட முடியாவிட்டால், பிடித்த சாமான் நழுவினால் பிந்த வேண்டாம். வற்றிய சதை சத்திரசிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். அந்தப் பெருவிரல் இல்லாமல் கொழுந்து எடுப்பது எப்படி? கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும்.

டொக்டரிடம் "கை வலி" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். எந்த விரல் மரக்கிறது, இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.